மெல்ல வரும் அயனியின் உக்கிரம்

சேதம் விளைவிக்க வேகம் வேண்டும் என்பது பொது அனுபவம் நமக்குக் கற்பித்த பாடமாயினும், தன் 54 எலெக்ட்ரான்களில் 44-ஐ இழந்து அயனியாகிவிட்ட ஒரு செனான் அணு மந்த கதியில் வந்து ஒரு பொருளின் மேற்பரப்பை அணுகும்போது, அவ்வெலெக்ட்ரான்களைப் பறிக்கச் செலவான சுமார் 51,000 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி கணப்பொழுதில் வெளிப்பட்டு, வேகத்தால் ஆகாத காரியத்தையும் சாதித்துவிடுகிறது. உலோகமாயின், அங்கே சுதந்திரமாகத் திரியும் எலெக்ட்ரான்கள் ஓடிவந்து குறையை நிரப்பி, அதிர்ச்சியையும் பரப்பிக் கரைத்துவிடும். மின்கடத்தாப் பொருளிலோ அடி விழுந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் அவர்தம் சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கால்சியம் ஃபுளோரைடு படிகத்தின்மேல் ஓர் அயனிக்கு ஒரு மேடாக நுண்ணிய திட்டுகள் எழும்பியிருக்கக் கண்டார்கள். அயனி சுமந்துவரும் சக்தி குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினாலன்றி ஒரு மேடும் எழவில்லை.

இதைவிட என் மனத்தைக் கவர்ந்தது, 2002-இல் பெர்லின் ஹான்-மைட்னர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸ்டோல்டர்ஃபோட் குழுவினர் வெளியிட்ட அதிசயம். தண்ணீர் பாட்டில் செய்யும் அதே ஜாதிப் பிளாஸ்டிக்கில், 10 மைக்ரோமீட்டர் கனமுள்ள தாளில், 100 நானோமீட்டர் அகலமுள்ள துளைகள்! அகலத்தைப்போல் நூறு மடங்கு நீண்ட துளையை ஒரு பாகை சாய்த்தாலே நேர்வழி அடைபட வேண்டும். ஆனால் ஏழு எலெக்ட்ரான்களை இழந்த நியான் அயனிகள், தாளை 20 பாகை வரை சாய்த்தபோதும், துளையின் போக்கிலேயே திரும்பி, தம் மின்னேற்றம் குறையாமல் மறுபுறம் வந்து சேர்ந்தன. முன்னே சென்றவை சுவரில் விட்டுச்சென்ற மின்னேற்றம், ஓடிப்போக வழியின்றி அங்கேயே நிலைத்து, பின்னே வருபவற்றைச் சுவரைத் தீண்டவொட்டாமல் விலக்கி நடத்துகிறது.

பொருளின்மேல் மின்னேற்றம் தேங்குவதை, அயனிக் கற்றையைக் கோணலாக்கும் தொல்லையென்றே பரிசோதனைக்காரர்கள் வெகுகாலம் கருதிவந்தார்கள். அந்தத் தொல்லையே வழிகாட்டியாயிற்று; ஜப்பானின் ரிக்கென் நிலையத்தார் 2006-இல், நுனி குறுகிய கண்ணாடிக் குழாயைக் கொண்டே இத்தகைய அயனிகளின் நுண்கற்றையை உண்டாக்கிக் காட்டினார்கள். இப்படியொரு பலனை எந்த விண்ணப்பத்திலும் முன்கூட்டி எழுதித் தந்திருக்க இயலாது. ஆதலால், பலனை முதலில் சொல், பணத்தைப் பிறகு கேள் என்னும் நிதிக்குழுக்களின் நியதி அடிப்படை விஞ்ஞானத்துக்கு அநீதியே என்பது என் திடமான அபிப்பிராயம்.

இத்துறையில் நம்மவர்க்கும் வாய்ப்பு இல்லாமலில்லை: பல்கலைக்கழகங்களின் உபயோகத்துக்கென்றே புதுதில்லியில் இயங்கும் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில் குறைந்த சக்தி அயனிக் கற்றை வசதி இருக்கிறது. நம் பௌதிகத் துறைத் தலைவர்கள் தங்கள் மாணவர்களை அங்கே அனுப்பிவைக்க வேண்டும்.