தட்டைவிடக் கோப்பை இனிக்க வேண்டும்

ஐரோப்பிய விருந்துகளின் இறுதியில் பரிமாறப்படும் இனிப்புக்கு உரிய ஒயினைத் தேர்வதில் முதன்மையான விதி ஒன்றுதான்: தட்டில் உள்ள பண்டத்தைவிடக் கோப்பையில் உள்ள ஒயின் கூடுதலாக இனிக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாகவேனும் இனிக்க வேண்டும். நாக்கு ஒரு சுவையை அதற்கு முந்திய சுவையோடு ஒப்பிட்டே உணர்வதால், சர்க்கரை மிகுந்த கேக்கை உண்டபின் அருந்தும் ஒயினில் இனிப்பு தெரியாமல் போய், புளிப்பும் சாராயத்தின் காரமும் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவாகச் சர்க்கரை கொண்ட 'ப்ரூட்' வகை ஷாம்பெய்ன், சர்க்கரைப் பூச்சு பூசிய கேக்கோடு சேரும்போது கைப்பதும் புளிப்பதும் இதனால்தான். நல்ல ஒயினும் வீணாகிறது, நல்ல கேக்கும் வீணாகிறது.

ஆனால் இனிப்பு மட்டும் போதாது. புளிப்பு இல்லாத இனிப்பு ஒயின் இரண்டாவது மிடறிலேயே திகட்டிவிடும். இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதை அறிய, பிரான்சின் போர்தோ நகருக்குத் தெற்கே உள்ள சோத்தெர்ன் வட்டாரத்தைப் பார்ப்பது நல்லது. மரநிழலினூடே குளிர்ந்து வரும் சிரோன் என்னும் சிற்றாறு, அதைவிட வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கும் இடத்தில் இலையுதிர்காலத்தில் மூடுபனி எழுந்து, காலை முழுவதும் திராட்சைத் தோட்டங்களின் மேல் தங்குகிறது. அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் சினேரியா என்னும் பூஞ்சை பழத்தோலைத் துளைத்து வளர்கிறது; பிற்பகல் வெயில் ஈரத்தை உலர்த்தி, அழுகல் எல்லை மீறாமல் காக்கிறது. துளைகளின் வழியே நீர் ஆவியாகிவிட, உள்ளே சர்க்கரையும் அமிலமும் மணமும் செறிந்துவிடுகின்றன. இதுவே 'உன்னத அழுகல்' எனப்படுகிறது. வெயில் தவறினால் அதே பூஞ்சை சாம்பல் அழுகலாக மாறிப் பயிரையே அழித்துவிடும்.

பொன்னிறமாக இருந்த பழம் பழுப்பும் ஊதாவும் கலந்த நிறமடைந்து, பின் சுருங்கி, சாம்பல் படிந்த உலர்திராட்சை போலாகிறது. ஒரே குலையில் இம்மூன்று நிலைகளும் ஒருங்கே காணப்படுவதால், அறுவடையாளர்கள் கத்தரியோடு ஒரே தோட்டத்துக்குப் பல வாரங்கள் திரும்பத் திரும்பச் சென்று, சுருங்கிய பழங்களை மட்டும் தேர்ந்து பறிக்கின்றனர். சட்டம் அனுமதிக்கும் உச்ச விளைச்சலே ஹெக்டேருக்கு 2,500 லிட்டர்தான்; 1855ஆம் ஆண்டின் தரவரிசையில் இவ்வட்டாரத்திலேயே தனி உயர்நிலை பெற்ற ஷாத்தோ திகெம் தோட்டத்தில், ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின் என்பதே கணக்கு. பழத்தின் தரம் போதாத 2012இல் அத்தோட்டம் தன் பெயரில் ஒயினே வெளியிடவில்லை. இந்த உழைப்பை அறிந்தவர்க்கு இவ்வகை ஒயினின் விலை மிகையாகத் தோன்றாது.

லிட்டருக்கு 120 கிராமுக்கும் மேல் சர்க்கரை கொண்ட இந்த ஒயின் கனத்தாலும் வழவழப்பாலும் வாயை நிறைக்கிறது, எனினும் அதன் புளிப்பு அடுத்த மிடறுக்கு நாக்கைத் தயாராக்கிவிடுகிறது. பாதாமி, பீச் போன்ற பழங்களை வைத்துச் சுட்ட டார்ட், பாதாம் கேக், மேலே சர்க்கரையைக் கருக்கிய கஸ்டர்டான க்ரெம் ப்ரூலே ஆகியவை இதற்குப் பொருந்துகின்றன. சோத்தெர்ன் மக்களோ இதனை இனிப்போடு மட்டும் நிறுத்திக்கொள்வதில்லை; உப்புக் கரிக்கும் ரோக்ஃபோர் நீலப் பாலாடைக்கட்டியோடும் பரிமாறுகின்றனர், உப்பும் இனிப்பும் கலக்கும் அந்த இணை எந்தக் கேக்கையும் விஞ்சக்கூடியது. ஹங்கேரியின் டோக்காய் அஸூ ஒயினும் இதே பூஞ்சையின் கொடைதான். அதன் புளிப்பு இன்னும் கூர்மையானது.

சாக்லேட் மட்டும் இவ்விணைகளுக்கு அடங்காது, ஏனெனில் அதன் கசப்பும் கொழுப்பும் சோத்தெர்னின் மென்மணங்களை மூடிவிடுகின்றன. அதற்குப் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் உருவாகும் போர்ட் ஒயினே தக்கது. நொதித்தல் பாதியில் இருக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்ட்டை நிறுத்திவிடுவதால், பழச்சர்க்கரை மிஞ்சி நிற்க, மதுச்செறிவு ஏறத்தாழ 20 விழுக்காட்டை எட்டுகிறது. அந்த வலிமையே சாக்லேட்டுக்கு ஈடு கொடுக்கிறது. மாறாக, வெறும் பழங்களுக்கும் மெல்லிய கேக்குக்கும் இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியிலிருந்து வரும் மொஸ்காட்டோ தாஸ்டி போதும். அது ஏறத்தாழ 5 விழுக்காடு மதுச்செறிவே கொண்ட, இலேசாக நுரைக்கும் ஒயின்.

முதன்முறை வாங்குவோர் 375 மில்லிலிட்டர் கொண்ட அரைப்புட்டி சோத்தெர்னை வாங்கி, 10 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிரவைத்து, சிறு கோப்பைகளில் ஊற்றட்டும். ஆறு பேருக்கு அது தாராளமாகப் போதும். எஞ்சியதை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் சில நாள்கள் சுவை குன்றாமல் இருக்கும், ஆகவே அன்றே தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.