ஓடியது யார், விழுந்தது யார்?

முப்பத்தெட்டு பேருக்கும் படிவம் நிரப்பியவள் நான்தான். இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் அப்புறம் நிம்மதியாகப் புலம்பலாம்.

பெசன்ட் நகரில் விடியற்காலையில் ஓடுகிற எத்தனையோ குழுக்களில் எங்களுடையதும் ஒன்று. செவ்வாயும் வியாழனும் கடற்கரைச் சாலையில் ஓட்டம். ஞாயிறு என்றால் நெடுந்தூரம், முடிந்ததும் ஃபில்டர் காபி. ஊர் தூங்கும்போது நாலு மணிக்கு எழுந்திருக்கிறவர்கள் என்பதால் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒழுக்கம், கட்டுப்பாடு என்று வாய் வலிக்கப் பேசுவோம். உள்ளூரில் ஒரு பத்து கிலோமீட்டர் பந்தயம் வரட்டும், அந்த ஒழுக்கம் எந்தப் பக்கம் போனதென்று யாருக்கும் தெரியாது.

இந்த முறை குழுவாகப் பதிந்தால் கட்டணத்தில் தள்ளுபடி என்றார்கள். பெயர், வயது, ரத்தப் பிரிவு, டிஷர்ட் அளவு, அவசரத்துக்கு அழைக்க ஓர் எண். ஐந்தே ஐந்து கேள்வி. டிஷர்ட் அளவுக்குப் பத்து நிமிடத்தில் முப்பத்தெட்டு பதிலும் வந்துவிட்டன. "எம் போடுங்க மேடம்... இல்ல, எல்லே போடுங்க, துவைச்சா சுருங்கிடும்" என்று திருத்தங்கள் வேறு. அவசர எண்ணுக்கு இரண்டு வாரம் கெஞ்சியும் பதினோரு பேர் வாயே திறக்கவில்லை. கடைசி நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு, அலுத்துப்போய், அந்தப் பதினோரு கட்டத்திலும் என் எண்ணையே போட்டேன். 'ஓடுவதற்கு உடல் தகுதி உள்ளவர் என உறுதி கூறுகிறேன்' என்ற இடத்தில் முப்பத்தெட்டு முறை டிக் அடித்ததும் நானேதான்.

சனிக்கிழமை சாயங்காலம் பிப் பட்டுவாடா. நெஞ்சில் நாலு ஊக்கு குத்தி மாட்டிக்கொள்கிற எண் அட்டையை நாங்கள் பிப் என்போம். உறையைக் கையில் கொடுத்த அரை மணி நேரத்தில் சந்தை கூடிவிட்டது. "எனக்கு அவசரமா பெங்களூர் போகணும், என் பிப்பை மச்சான் ஓடட்டும்." "ஐஞ்சு கிலோமீட்டர்லாம் எனக்குப் பத்தாது, யாராவது பத்தை மாத்திக்கறீங்களா?" ஆடிட்டர் சாருக்கு முழங்கால் வலி. அவருடைய பிப் அவர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிற ஒரு பையனுக்குப் போயிற்று. எனக்குத் தெரிந்தே ஆறு பிப் கைமாறின. "வேண்டாம் சார், விதிமுறையிலேயே கூடாதுன்னு போட்டிருக்காங்க" என்றேன். "கட்டின காசு வீணாப் போகணுமா மேடம்?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

இது என்ன, ரயிலில் காலியாக இருக்கிற சீட்டா? பிப்பின் பின்னால் மெல்லிசாக ஒரு சிப் ஒட்டியிருக்கும். கிளம்புகிற இடத்திலும் முடிக்கிற இடத்திலும் விரித்திருக்கிற பாயை நாம் தாண்டும்போது அது நம் நேரத்தைச் சொல்லும். அந்தப் பாய்க்கு ஆள் முகம் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். இருபத்தாறு வயதுப் பையன் அறுபத்தொரு வயதுக்காரரின் எண்ணோடு ஓடினால், மூத்தோர் பிரிவில் நேர்மையாக மூச்சு வாங்கி ஓடிய ஒரு பெரியவரின் பதக்கம் கம்பி நீட்டிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் என்று சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று உண்டு. 1999-இல் உருவ ஒற்றுமையுள்ள அண்ணன் தம்பி இருவர் வழியில் கழிப்பறைக்குள் புகுந்து ஆள் மாறி மாறி ஓடி, ஒன்பதாம் இடமும் பிடித்தார்கள். பிறகு படங்களைப் பார்த்தபோது ஒன்றில் கடிகாரம் வலக்கையில், இன்னொன்றில் இடக்கையில்! பரிசு பறிபோனது. அவர்களாவது பரிசுக்காக ஏமாற்றினார்கள். நாம் எதற்காக? கட்டிய காசு வீணாகக்கூடாது, அவ்வளவுதான்.

1967-இல் பாஸ்டன் மராத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் என்ற பெண் 261-ஆம் எண்ணோடு ஓடினார். பெண்களை அங்கே சேர்க்காத காலம். முதலெழுத்துகளை மட்டும் போட்டு கே.வி. ஸ்விட்சர் என்று பதிந்திருந்தார். பந்தய அதிகாரி ஒருவர் நடு ரோட்டில் ஓடிவந்து அந்த எண்ணைப் பிய்த்தெடுக்கப் பார்த்தார். முடியவில்லை, ஸ்விட்சர் ஓடி முடித்தார். ஓர் அட்டையைத் தன் நெஞ்சிலேயே வைத்துக்கொள்ள ஒருத்தி அன்றைக்கு அப்படிப் போராட வேண்டியிருந்தது. எங்கள் குழுவில் அது மாடி விட்டு மாடி இறங்குகிறது.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கொடி அசைத்தார்கள். எலியட்ஸ் கடற்கரையிலிருந்து பெசன்ட் அவென்யூ, திரு.வி.க. பாலம் வழியாகப் பட்டினப்பாக்கம் போய்த் திரும்ப வேண்டும். குழுப் படத்துக்காக முன்வரிசையில் போய் நின்ற எங்கள் ஆட்கள், முதல் வளைவிலேயே ஐந்து பேர் கைகோத்த மாதிரி சாலையை அடைத்து நடந்ததையோ, குப்பைத் தொட்டியைத் தாண்டி இருபதடி போய்ப் பேப்பர் கப்பை வீசியதையோ இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் புழுக்கத்தில் யாருக்கும் புத்தி வேலை செய்யாது என்று விட்டுவிடுகிறேன்.

ஒரு மணி பதினெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டுப் பொங்கல் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. தெரியாத எண். தன்னார்வலராக வந்த கல்லூரிப் பெண் பதற்றமாக ஆடிட்டர் சாரின் முழுப் பெயரைச் சொல்லி, "நீங்க அவரோட வீட்டுக்காரங்களா?" என்றாள்.

"இல்லம்மா, எங்க குரூப். என்ன ஆச்சு?"

"எட்டாவது கிலோமீட்டர்ல மயங்கி விழுந்துட்டார் மேடம். டாக்டர் வந்துட்டார். அவருக்கு வேற ஏதாவது பிரச்சினை உண்டா?"

எனக்குக் கை நடுங்கியது. ஒரே குழுவாயிற்றே, எல்லாம் தலைகீழ்ப் பாடம். "சர்க்கரை இருக்கும்மா. பிரஷருக்கும் மாத்திரை போடறார். அறுபத்தொரு வயசு, பார்த்துக்கோங்க."

"அறுபத்தொண்ணா? அப்படித் தெரியவே இல்லையே மேடம். நல்லா மெயின்டெயின் பண்றார்."

அப்போதுதான் எனக்கு நாலு ஆள் முன்னால் வரிசையில் நின்றிருந்த ஆடிட்டர் சார் திரும்பி, "மேடம், வடை தீரப்போகுது, வாங்கிட்டீங்களா?" என்றார். முழங்கால் வலி பொங்கல் வரிசையை ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது.

"அவர் இங்கே நின்னு வடை வாங்கிட்டிருக்காரம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப இங்கே படுத்திருக்கறது யாரு மேடம்?"

எனக்கும் தெரியவில்லை. ஆடிட்டர் சாரைக் கேட்டால், "மூணாவது மாடிப் பையன். பேரு... நாங்க தம்பின்னுதான் கூப்பிடுவோம்." ரத்தப் பிரிவு? தெரியாது. வீட்டு எண்? அப்பா அம்மா ஊரில் இருக்கிறார்கள். எந்த ஊர்? அதுவும் தெரியாது. இத்தனைக்கும் நடுவில், இல்லாத சர்க்கரையும் இல்லாத ரத்த அழுத்தமும் என் வாயிலிருந்து அந்தப் பையன் கணக்கில் ஏறிவிட்டிருந்தன. தொலைபேசியில் சொன்னதை நம்பாமல் விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்த்த அந்த மருத்துவருக்குக் கோயில் கட்டலாம்.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி இரண்டு மணி வரை ஆபீஸ் வேலை, பழக்கமில்லாத வேகம், நம்மூர்ப் புழுக்கம். காலைத் தூக்கிவைத்து, ஐஸ் ஒற்றி, அரை மணியில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் போனபோது, "ஸாரி ஆன்ட்டி" என்றான். பிப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். ஆடிட்டர் சாரின் பெயர், ஆடிட்டர் சாரின் ஓ பாசிடிவ், அதற்குக் கீழே என் எண். அவனுடையது என்று அந்த அட்டையில் வியர்வை மட்டும்தான் இருந்தது.

சாயங்காலம் ஆடிட்டர் சார் போன் செய்தார். வருத்தம் தெரிவிக்கத்தான் என்று எடுத்தேன். "மேடம், ரிசல்ட் வந்திருக்கு பார்த்தீங்களா? என் பேருக்கு நேரா 'முடிக்கவில்லை'ன்னு போட்டிருக்கான். எட்டு வருஷத்துல நான் ஒரு பந்தயம் பாதியில விட்டதில்ல. யார்கிட்ட சொன்னா மாத்துவாங்க?"

"நீங்க ஓடவே இல்லையே சார்" என்றேன்.

"அது நமக்குத் தெரியும். பார்க்கிறவங்களுக்குத் தெரியுமா?"

பதில் சொல்லத் தெரியாமல் போனை வைத்தேன். அடுத்த மாதப் பந்தயத்துக்கு அவரவர் படிவத்தை அவரவரே நிரப்ப வேண்டும், அவசர எண்ணில் என் எண் இருக்கக்கூடாது என்று குழுவில் எழுதிப் போட்டேன். நாலு பேர் கும்பிடு போட்டார்கள். ஐந்தாவதாக ஒரு செய்தி வந்தது: "அடுத்த மாசம் ஊர்ல இருக்க மாட்டேன். என் பிப் யாருக்காவது வேணுமா? டிஷர்ட்டை மட்டும் நான் வச்சுக்கிறேன்."