தண்ணீர்க் கணக்கைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும்

'தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்காவிட்டால் கிட்னி போய்விடும்' என்ற அறிவுரை வாட்ஸ்அப்பில் வராத நாளில்லை. அமெரிக்க உடலியங்கியல் பேராசிரியர் ஹெய்ன்ஸ் வால்டின் 2002-இல் இதற்கு ஆதாரம் தேடிப் பார்த்தார். ஆரோக்கியமானவர்களுக்கு அப்படியொரு விதி தேவை என்று காட்டும் ஆய்வு எதுவும் அகப்படவில்லை. அகப்படாததில் வியப்பில்லை. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர்தான். இரத்தத்தின் உப்புச் செறிவு ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே மூளை கண்டுகொண்டு வாசோபிரெசின் ஹார்மோனை அனுப்புகிறது. உடனே சிறுநீரகக் குழாய்ச் சுவர்களில் நீர் புகும் நுண்துளைகள் வந்து பொருந்துகின்றன; நீர் இரத்தத்துக்குத் திரும்ப, சிறுநீர் அடர்மஞ்சளாகிறது. ஒரு சொம்புத் தண்ணீரைக் கூடுதலாகக் குடித்தால் ஹார்மோன் குறைகிறது, துளைகள் விலகுகின்றன, மிகுந்த நீர் ஓரிரு மணி நேரத்தில் வெளியேறிவிடுகிறது. கழிப்பறைக்கு நடந்ததுதான் மிச்சம். ஆனால் மணிக்குச் சுமார் ஒரு லிட்டருக்கு மேல் வெளியேற்றச் சிறுநீரகத்தாலும் முடியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இரத்தம் நீர்த்துச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது மிதமிஞ்சிக் குடித்து எடை கூடியவர்களிடம் அது அதிகம்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் நிறையக் குடிக்க வேண்டாமா? வேண்டும். 1996-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், நாளுக்கு 2 லிட்டர் சிறுநீர் போகுமளவு குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கே ஐந்தாண்டுகளில் மறுபடி கல் வந்தது. மற்றவர்களில் 27 சதவீதம். முதியவர்களுக்குத் தாகம் மந்தமாகிவிடும் என்பதால் வீட்டார்தான் ஞாபகப்படுத்திக் கொடுக்க வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கோ அதே லிட்டர் கணக்கு மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். ஆளுக்கு ஆள் மாறும் சிகிச்சையை ஊருக்கே விதியாக்குவது தவறு.

நாம் கவலைப்பட வேண்டியது, தாகம் எடுத்தும் குடிக்க முடியாதவர்களைப் பற்றி. வெயிலில் வேலை செய்யும் பெண்கள் பலர், ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரகம் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் கழிவை வெளியேற்ற நாளுக்கு அரை லிட்டராவது வேண்டும். வியர்வையில் போனதை அதனால் உண்டாக்கித் தரவும் முடியாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்திய தமிழக அரசு, தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் எட்டும் தூரத்தில் குடிநீரும் கழிப்பறையும் இருக்கின்றனவா என்று இந்தக் கோடைக்கு முன் அதிகாரிகளை அனுப்பிப் பார்க்கட்டும்.