திறப்புக் கோர்வை யார் வீட்டில்?

வங்கி, குடிவரவுத் திணைக்களம், பிள்ளைகளின் பாடசாலை, ஊருக்குப் பணம் அனுப்பும் நிறுவனம் என எமது குடும்பங்களின் கடவுச்சொற்கள் யாவும் இன்று இணைய உலாவியின் நினைவிலேயே தங்கியுள்ளன. கணினியில் பதிந்ததைக் கைத்தொலைபேசியிலும் தோன்றச் செய்யும் வசதியை ஒத்திசைவு என்பர். இடையில் அவற்றை ஏந்தி நிற்பது எங்கோ உள்ள ஒரு வழங்கி. அதனை நாமே வீட்டில் வைத்திருக்க இயலாதா என வாசகர் சிலர் வினவுகின்றனர்.

பயர்பொக்ஸ் உலாவியில் இயலும். மொசில்லா 2007 இல் 'வீவ்' எனத் தொடங்கி, 2011 இல் பயர்பொக்ஸ் 4 உடன் இணைத்த சேவை இது. அதன் வழங்கி மென்பொருள் மூலநிரலுடன் இலவசமாகவே கிடைக்கின்றது. சிறு கணினியொன்றில் அதனைத் தரவுத்தளத்துடன் நிறுவி, உலாவியின் உள்ளமைப்பில் வழங்கியின் முகவரியை மாற்றுதல் வேண்டும். உள்நுழைவதற்கு மொசில்லாக் கணக்கே பொதுவாகத் தொடர்ந்தும் தேவைப்படும்.

இரகசியம் காப்பதே நோக்கமெனில், ஒன்றை அறிதல் நன்று. தரவுகள் எமது கருவியை விட்டு நீங்குமுன்னரே பயர்பொக்ஸ் அவற்றை மறைகுறியாக்கி விடுகின்றது. மொசில்லாவிடம் இருப்பது பூட்டிய பெட்டியே. அதைத் திறக்க எமது கடவுச்சொல் வேண்டும். சொந்த வழங்கியால் பெட்டி எம் வீட்டுக்கு வருகின்றது, பூட்டு முன்போன்றதே.

பெட்டியைக் கொண்டுவருபவர் காவலையும் ஏற்கின்றார். மென்பொருளைப் புதுப்பிப்பதும் பழுது பார்ப்பதும் அவர் பொறுப்பு. பெரும்பாலும் அவர் வீட்டின் மூத்த மகனாகவோ மகளாகவோ இருப்பார். அவர் மேற்படிப்புக்கு வேறு நகர் சென்றபின் வழங்கி நின்றுபோனால், கருவிகளில் உள்ள பிரதிகள் அழியமாட்டா; ஆயினும் புதியன பரவமாட்டா. மேலும், ஒத்திசைவு வேறு, காப்புப்பிரதி வேறு. ஒரு கருவியில் தவறுதலாக அழித்தது மற்றவற்றிலும் அழிந்துவிடும்.

கணக்கின் கடவுச்சொல்லை மறந்து புதியதை அமைத்தால், மீட்புத் திறப்பு இல்லாதவிடத்து, வழங்கியில் இருந்தவை மீளா. வழங்கி எவருடையதாயினும் இதுவே நிலை.

இடம்பெயர்ந்த வேளையில் பிறப்புச் சான்றிதழை விட்டுவந்து, பின்னர் அலுவலகம் அலுவலகமாக அலைந்தோர் எம்மிடையே பலர். எனவே, வழங்கி நிறுவுமுன்னர் மொசில்லாக் கணக்கின் அமைப்புப் பக்கத்தில் மீட்புத் திறப்பைப் பெற்று, தாளில் எழுதி, கடவுச்சீட்டுகளுடன் வையுங்கள். வைத்த இடத்தை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்கட்டும்.