ஏட்டில் ஏறாத படங்கள்

சினிமா பார்ப்போர் தொகை பெரிது. சினிமாவை ஆராய்வோர் தொகை மிகச் சிறிது. “பொழுதுபோக்குக்கு ஆராய்ச்சி எதற்கு?” என்று கேட்கும் பெரியோர் இன்றும் நம்மிடையே உளர். ஆயினும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடசாலைப் பாடமாகிவிட்ட இந்நாளில், இலங்கைத் தமிழ்த் திரைப்படம் பற்றி ஒரு மாணவன் கட்டுரை எழுத முற்பட்டால் அவன் எங்கே தேடுவது, கிடைத்ததை எவ்வளவு நம்புவது என்ற வினாக்கள் எழவே செய்யும். அவற்றுக்கு விடை கூறும் கடமை ஆசிரியர்களுக்கும் இலக்கிய அன்பர்களுக்கும் உண்டு.

கம்பளை வாசகருக்கு இவ்வினா மிகவும் அணித்தானது. புகையிரதப் பாதையில் நமக்கு ஒரு புறம் நாவலப்பிட்டி. மறு புறம் பேராதனை. முன்னது, 1917ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். பிறந்த ஊர். பின்னது, நாட்டின் பெரிய நூல்நிலையங்களுள் ஒன்றைத் தன்னகத்தே கொண்ட பல்கலைக்கழகம் அமைந்த ஊர். இன்று நூல்நிலையத்தின் அட்டைப் பெட்டிகள் செய்த வேலையைக் கணனித் தரவுத்தளங்கள் செய்கின்றன. அவற்றில் “எம்.ஜி.ஆர்.” என்று இட்டுப் பாருங்கள். எம். எஸ். எஸ். பாண்டியன் 1992ல் வெளியிட்ட ஆங்கில நூல் தொடக்கம் நூல்களும் கட்டுரைகளும் வரிசையாக வந்து நிற்கும். “தோட்டக்காரி” என்று இட்டாலோ, கிடைப்பது சொற்பம்.

“தோட்டக்காரி” எது என்று கேட்கும் இளைஞர் பலர் இருப்பர். 1962ல் “சமுதாயம்” என்ற 16 மில்லிமீற்றர் படம் வெளிவந்தது. அதற்கடுத்த ஆண்டில், 35 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்ட முதலாவது இலங்கைத் தமிழ்ப் படமாக வெளிவந்ததே பி. எஸ். கிருஷ்ணகுமாரின் “தோட்டக்காரி”. மலைநாட்டுத் தோட்ட மக்களின் வாழ்வே அதன் பொருள். பின்னர் 1975ல் தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் “புதிய காற்று” என்ற படத்தைத் தயாரித்தார். நாம் நாடோறும் காணும் தேயிலை மலைகளின் மக்கள் திரையேறிய வரலாறு இது. நாவலப்பிட்டியில் பிறந்து சென்னையில் புகழ் பெற்றவரை உலகம் அறியும். நம் மண்ணிலேயே எடுத்த படத்தை நம் மாணவனே அறியான். இது நியாயமாகுமா?

படச்சுருளையே நம்பியிருக்கலாம் என்பாரும் உளர். ஆனால் சுருள் நிலையாப் பொருள். 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரியுண்டபோது, அங்கிருந்த பல படங்களின் மூலச் சுருள்களும் சாம்பலாயின. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் நிலை வேறன்று. அங்கு 1912 முதல் 1929 வரை வெளிவந்த முழுநீள மௌனப் படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றுள் முதலில் வெளியான வடிவிலேயே எஞ்சியவை 14 வீதம் மட்டுமே என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அழிந்தவற்றின் பெயரும் நடிகரும் கதையும் இன்றும் தெரியவருவதற்குக் காரணம் என்ன? பத்திரிகைகளும் விளம்பரங்களும் பதிவேடுகளும் பேணப்பட்டமையே. ஆகவே சினிமா வரலாற்றின் பெரும் பகுதி திரையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

அக்காகிதத்தைத் தேடுவதும் ஒரு கலை. 2005ல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஈழத்துச் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் ஏராளமாக ஏற்றப்பட்டுள்ளன. அது பெரும் பேறு. ஆனால் அவற்றுட் பல பக்கங்களின் படங்களே. பெயராலும் ஆசிரியராலும் தலைப்பாலும் தேடலாம். உள்ளே ஒரு மூலையில் அச்சான படமாளிகை விளம்பரம் அத்தேடலில் அகப்படாது. ஆண்டை அறிந்து, பக்கங்களைப் புரட்டியே காணவேண்டும்.

சொல்லிலும் கவனம் வேண்டும். இன்று “திரைப்படம்” என்கிறோம். முன்னோர் “சலனப்படம்” என்றனர், “பேசும்படம்” என்றனர், “படக்காட்சி” என்றனர். ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடுவோன் ஒரு தலைமுறையை மட்டுமே காண்பான். மேலும், “திரைப்படம்” என்பது வேற்றுமை ஏற்கும்போது “திரைப்படத்தின்” என்றாகிவிடுகிறது. ஆதலின் முழுச் சொல்லை இடாது, மாறாத முற்பகுதியை மட்டும் இடுவதே அறிவுடைமை. ஆங்கில எழுத்தில் அமைந்த அட்டவணைகளிலோ வேறொரு தொல்லை. “தோட்டக்காரி” என்பதை எழுதும்போது டகரத்தை ஒருவர் ஒருமுறை எழுதுவார். மற்றவர் இருமுறை எழுதுவார். எல்லா வடிவங்களையும் இட்டுப் பார்த்த பின்னரே “இல்லை” என்று கூறலாம்.

மொழியெல்லையையும் தாண்ட வேண்டும். 1947ல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான “கடவுனு பொறொந்துவ”வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். அது உருவானது மதுரைச் சித்திரகலா ஸ்டூடியோவில். தமிழில் மட்டும் தேடுவோனுக்கு இவ்வரலாற்றில் பாதியே கிட்டும்.

இத்தனை முயன்றும் ஒன்றும் கிட்டாவிடில்? அங்கேதான் மாணவன் தவறிழைக்கிறான். தரவுத்தளம் “இல்லை” என்று கூறினால், அது நிகழவில்லை என்று எண்ணிவிடுகிறான். யாரும் பதிவு செய்யவில்லை என்பதே அதன் பொருள். பதிவு செய்யும் வசதி பெற்றோரின் வரலாறு பெருகுகிறது. ஏனையோரின் வரலாறு இல்லாததாகிறது. தம்பிஐயா தேவதாஸ் “இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை” என்ற நூலை எழுதியிராவிடில், நம் படங்களுட் பலவற்றின் விவரம் இன்று எவருக்குத் தெரிந்திருக்கும்? தனி ஒருவரின் உழைப்பையே ஒரு சமூகம் என்றும் நம்பியிருத்தல் தகாது.

ஆகவே கம்பளையின் ஆசிரியர்களுக்கும் வாசகசாலை அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பாடசாலையும் பழைய நாளேடொன்றின் ஓராண்டைப் பொறுப்பேற்கட்டும். அதில் வந்த சினிமாச் செய்தி, விளம்பரம், விமர்சனம் ஆகியவற்றைத் திகதியும் பக்கமும் இட்டு மாணவர் அட்டவணைப்படுத்தட்டும். வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பாட்டுப் புத்தகங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் பொது நூல்நிலையம் கேட்டுப் பெறட்டும். தோட்டங்களில் வாழும் முதியோரிடம், பார்த்த படத்தையும் பார்த்த கொட்டகையையும் கேட்டு எழுதட்டும். அச்சிறு அட்டவணை நாளை ஒரு பெரிய தரவுத்தளத்தில் சேரும்.

தேடக் கற்றுக்கொடுத்தல் ஆசிரியரின் பாதிக் கடமை. நாளை தேடுவோனுக்குக் கிடைக்கும்படி இன்று எழுதிவைக்கக் கற்றுக்கொடுத்தல் மறு பாதி. முதற் பாதியை மட்டும் செய்தோமாயின், பிறர் வரலாற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதில் வல்லவராகிய ஒரு தலைமுறையையே நாம் உருவாக்கியவராவோம்.