கொலைக் கணக்கும் எல்லைக் கோடும்

2025 ஆகஸ்ட் 11 அன்று வெள்ளை மாளிகையில் செய்தியாளர்களைச் சந்தித்த அதிபர் டிரம்ப், கையோடு சில வரைபடங்களையும் கொண்டுவந்திருந்தார். போகோட்டா, மெக்ஸிகோ சிட்டி போன்ற தலைநகரங்களைவிட வாஷிங்டனில் கொலை விகிதம் அதிகம் என்று அவை காட்டின. நகரக் காவல்துறையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்வதாக அன்றே அறிவித்தார்; நேஷனல் கார்டு வீரர்கள் வீதிக்கு வந்தார்கள். எதிர்த்தரப்போ, வன்முறைக் குற்றம் 30 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று வேறோர் எண்ணை நீட்டியது. இரண்டு தரப்பும் புளுகவில்லை. வாஷிங்டனில் 2023இல் 274 கொலைகள், 2024இல் 187. சுமார் 7 லட்சம் மக்கள்தொகையால் வகுத்தால், 2024இல் லட்சம் பேருக்கு 27 என்று வருகிறது. போகோட்டாவைவிட இது அதிகம்தான். கணக்கு சரி, ஒப்பீடுதான் கோணல். அமெரிக்க நகரங்களைக் குற்ற விகிதப்படி வரிசைப்படுத்தும்போது நாம் அளப்பது ஆபத்தை மட்டுமல்ல. நகர எல்லையை யார், எப்போது, எங்கே போட்டார்கள் என்பதையும், குறிப்பேட்டை யார் எழுதுகிறார்கள் என்பதையும் சேர்த்தே அளக்கிறோம். ஆகவே அந்த வரிசையைக் கைவிடுவதே நல்லது என்பது என் வாதம்.

இதற்குச் செயின்ட் லூயிஸைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது. ‘அமெரிக்காவின் மிக ஆபத்தான நகரம்’ என்ற பட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுமந்த ஊர் அது. 2020இல் அங்கே 260க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. மக்கள்தொகை 3 லட்சம் என்பதால் விகிதம் சுமார் 87. அதே ஆண்டு சிகாகோவில் கொலைகள் 750ஐத் தாண்டின. ஆனால் 27 லட்சம் பேர் வாழும் ஊர் என்பதால் விகிதம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். இந்த 3 லட்சம் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 1876இல், தங்கள் வரிப்பணம் சுற்றியுள்ள கிராமப்புறத்துக்குப் போகிறதே என்ற கடுப்பில் செயின்ட் லூயிஸ் நகரத்தார் கவுன்ட்டி என்ற மாவட்ட நிர்வாகத்திலிருந்து பிரிந்து, சுமார் 160 சதுர கிலோமீட்டரோடு தங்கள் எல்லையை நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு அது சாமர்த்தியமாகத் தெரிந்தது. 1950இல் எட்டரை லட்சம் பேர் அந்த எல்லைக்குள் இருந்தார்கள். பிறகு காரும் கடனும் வாய்த்தவர்கள் கோட்டைத் தாண்டி மேற்கே கவுன்ட்டிக்குக் குடிபெயர்ந்தார்கள். போக முடியாதவர்கள் தங்கினார்கள். இன்று பெருநகரப் பகுதி முழுவதையும் சேர்த்தால் சுமார் 28 லட்சம் பேர். அதில் ஒன்பதில் ஒருவர்தான் ‘செயின்ட் லூயிஸ்காரர்’ என்று கணக்கில் வருகிறார். கவுன்ட்டியில் வீடு உள்ள ஒருவர் புஷ் ஸ்டேடியத்தில் பேஸ்பால் பார்த்துவிட்டு வெளியே வரும்போது வழிப்பறிக்கு ஆளானால், குற்றம் நகரத்தின் கணக்கில் ஏறும். வகுக்கும் எண்ணில் அவர் இல்லை.

நகரத்தையும் கவுன்ட்டியையும் மறுபடி இணைக்கும் யோசனை 1926இலும் 1962இலும் வாக்கெடுப்பில் தோற்றது. 2019இல் வாக்கெடுப்புக்கே போகாமல் கைவிடப்பட்டது. இணைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கவுன்ட்டியில் சுமார் 10 லட்சம் பேர். நகரத்தில் நடந்ததில் பாதி அளவு கொலை அங்கேயும் நடந்தது என்று வாதத்துக்காகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியும் ஒருங்கிணைந்த நகரத்தின் விகிதம் 87இலிருந்து 30க்கு இறங்கிவிடும். ஓர் உயிர்கூடக் காப்பாற்றப்பட்டிருக்காது. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் இந்த வேலையை 1968இலேயே செய்து முடித்தது. டுவால் கவுன்ட்டியோடு இணைந்ததால் இன்று அதன் நிலப்பரப்பு செயின்ட் லூயிஸைப் போல 12 மடங்கு. அமைதியான புறநகர்களும் காடும் அதன் கணக்கிலேயே சேர்கின்றன. டிரம்பின் வரைபடங்களிலும் இதே கோளாறுதான்: மெக்ஸிகோ சிட்டியின் எல்லைக்குள் 90 லட்சம் பேர், வாஷிங்டனின் எல்லைக்குள் 7 லட்சம் பேர். வாஷிங்டனின் வசதியான புறநகர்கள் மேரிலாண்டிலும் வர்ஜீனியாவிலும் கிடக்கின்றன. இது நம்மவர்களுக்கும் பழக்கமான குழப்பம்தான். ‘சிகாகோவில் இருக்கிறோம்’ என்று சொல்லும் தமிழ்க் குடும்பங்களில் பல நேப்பர்வில், ஷாம்பர்க் போன்ற ஊர்களில் வாழ்கின்றன. சிகாகோவின் கொலைக் கணக்கிலும் அவர்கள் இல்லை, மக்கள்தொகையிலும் இல்லை. தொலைக்காட்சி பார்த்துவிட்டு இங்கே பெற்றோர் படும் கவலையில் மட்டும் இருக்கிறார்கள்.

வகுக்கும் எண்ணின் கதை இது. வகுபடும் எண்ணின் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் சுமார் 18,000 காவல் அமைப்புகள் உள்ளன. அவை தாமாக முன்வந்து அனுப்பும் எண்களைத்தான் எஃப்.பி.ஐ. 1930 முதல் தொகுக்கிறது. 2021இல் பதிவுமுறையை மாற்றியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைகளே எண் அனுப்பவில்லை. நாட்டின் இரு பெரிய நகரங்கள் இல்லாமலே அந்த ஆண்டின் தேசியக் கணக்கு வெளியானது. ‘வன்முறைக் குற்றம்’ என்ற ஒரே மூட்டைக்குள் கொலை, பாலியல் வன்கொடுமை, வழிப்பறி, கொடுந்தாக்குதல் என நான்கும் அடங்கும். இதில் ஆகப் பெரிய பங்கு கொடுந்தாக்குதலுக்கு. எந்த அடி கொடுந்தாக்குதல், எது சாதாரண அடிதடி என்று முடிவு செய்வது சம்பவத்தை எழுதும் காவலர். 2005 முதல் 2012 வரை லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை சுமார் 14,000 கொடுந்தாக்குதல்களைச் சிறு குற்றங்களாகப் பதிந்திருந்தது என்று அந்நகரின் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ நாளிதழ் 2015இல் அம்பலப்படுத்தியது. சிகாகோவின் பாலியல் வன்கொடுமை எண்ணை, எண்ணும் முறை தன் விதிக்குப் பொருந்தவில்லை என்று எஃப்.பி.ஐ. பல ஆண்டுகள் ஏற்கவே இல்லை. அதனால் மொத்த எண்ணுக்கான கட்டமும் காலியாகவே கிடந்தது. வாஷிங்டனுக்கே திரும்புவோம். 2024இல் வன்முறைக் குற்றம் 35 விழுக்காடு சரிந்தது என்றது நகரக் காவல்துறை, எஃப்.பி.ஐ. கணக்கில் சரிவு அதில் பாதிகூட இல்லை. காவல்துறை தன் அன்றாடப் பட்டியலில் ஆயுதத் தாக்குதலை மட்டும் சேர்க்கிறது, எஃப்.பி.ஐ. ஆயுதமில்லாத கொடுந்தாக்குதலையும் சேர்க்கிறது. ஒரே ஊர், ஒரே ஆண்டு, அதே காவல்துறை, ஆனால் இரண்டு உண்மைகள். இவை எல்லாமே புகார் கொடுக்கப்பட்ட குற்றங்கள் மட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. வன்முறைக்கு ஆளானவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே காவல்துறையிடம் போகிறார்கள் என்கிறது அரசின் சொந்த ஆய்வு. காவல்துறையை மக்கள் நம்பும் ஊரில் புகார் கூடும். பட்டியலில் அந்த ஊர் மேலே ஏறும்!

அப்படியானால் கொலையை மட்டும் எடுத்து ஒப்பிடலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சடலத்தைச் சிறு குற்றமாக எழுதிவிட முடியாது. இறப்புச் சான்றிதழ்களைக் கொண்டு சுகாதாரத் துறையும் தனியே எண்ணுகிறது. நான்கில் நம்பத்தக்கது கொலைதான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் ஓட்டைகள் உண்டு. சிகாகோ வழியாகப் போகும் விரைவுச் சாலைகளில் நடக்கும் கொலைகள் மாநிலக் காவல்துறையின் பொறுப்பு. நகரக் காவல்துறையின் எண்ணிக்கையில் அவை வருவதில்லை. இன்னொன்று மருத்துவம். 1990களின் தொடக்கத்திலிருந்து 2018 மே மாதம் வரை, துப்பாக்கிச் சூடு அதிகம் நடக்கும் சிகாகோவின் தெற்குப் பகுதியில் பெரியவர்களுக்கான உயர்நிலை விபத்துச் சிகிச்சை மையம் ஒன்றுகூட இல்லை. குண்டடி பட்டவரை வெகுதூரம் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தத் தூரத்தைக் கடந்து அவர் பிழைத்தால் அது தாக்குதல், இறந்தால் கொலை. எல்லைக் கோட்டின் கோளாறோ கொலைக் கணக்கிலும் அப்படியே இருக்கிறது.

நகர நிர்வாகங்களின் தோல்விக்கு இதெல்லாம் வெள்ளையடிப்பு என்று சிலர் சொல்லலாம். செயின்ட் லூயிஸ் பெருநகரம் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் கொலை விகிதம் தேசியச் சராசரியைவிட அதிகம்தான். ஆபத்து கற்பனை என்று நான் சொல்லவில்லை. அதை அளக்க நகரத்துக்கு நகரம் ஒப்பிடுவது தவறான கோல் என்கிறேன். சரியான கோல், ஒரு நகரத்தை அதனோடே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது. நியூயார்க்கில் 1990இல் 2,245 கொலைகள், 2017இல் 292. இடையில் எல்லை மாறவில்லை, மக்கள்தொகை குறையவில்லை. அந்தச் சரிவு உண்மையானது. பால்டிமோர் 2015 முதல் 2022 வரை ஒவ்வோர் ஆண்டும் 300க்கு மேல் கொலைகளைக் கண்டது, 2024இல் சுமார் 200. இங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2023, 2024இல் நாடு முழுவதுமே கொலை குறைந்ததால், பால்டிமோர் மேயருக்கு எவ்வளவு பெருமை சேர வேண்டும் என்பதைத் தேசியச் சரிவைக் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும். இதில் கட்சிச் சாயம் பூசவும் இடமில்லை. சிகாகோவைக் காட்டி ஜனநாயகக் கட்சியைத் தாக்குவோரும், மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களின் கொலை விகிதத்தைக் காட்டிக் குடியரசுக் கட்சியைத் தாக்குவோரும் ஒரே வித்தையைத்தான் செய்கிறார்கள். எந்த வட்டம் வசதியோ அதைச் சுற்றிக் கோடு போடுகிறார்கள். இத்தகைய பட்டியல்களைக் கண்டித்து அமெரிக்கக் குற்றவியல் கழகம் 2007இலேயே தீர்மானம் போட்டது. பட்டியல்கள் நின்றபாடில்லை.

பெருநகரச் சராசரியிலும் ஒரு மறைப்பு இருப்பதைச் சொல்லியாக வேண்டும். செயின்ட் லூயிஸை டெல்மார் சாலை கிழக்கு மேற்காக வெட்டுகிறது. வடக்கே பெரும்பாலும் கறுப்பினத்தவர், இடிந்த வீடுகள், காலி மனைகள்; தெற்கே வேறோர் ஊர். சியாட்டிலில் 14 ஆண்டுக் குற்றங்களை வீதி வீதியாக ஆராய்ந்த குற்றவியலாளர் டேவிட் வைஸ்பர்டின் குழு, நகரின் குற்றங்களில் பாதி சுமார் 5 விழுக்காடு வீதித் துண்டுகளில் நடந்ததைக் கண்டது. சிகாகோவில் சமூகவியலாளர் ஆண்ட்ரூ பாப்பாகிறிஸ்டோஸ் இதையே ஆட்களிடம் பார்த்தார். குண்டடி பட்டு உயிர் பிழைத்தவர்களில் 70 விழுக்காட்டினர், நகர மக்களில் 6 விழுக்காடுகூட இல்லாத ஒரு வலைக்குள் இருந்தார்கள். சேர்ந்து கைதானவர்களை இணைத்துப் பின்னப்பட்ட வலை அது. ஆக ஆபத்து என்பது நகரத்தின் குணம் அல்ல, சில தெருக்களிலும் சில நட்பு வட்டங்களிலும் குவிந்திருப்பது. அந்தத் தெருக்களில் இறங்கி, பழிவாங்கலுக்குக் கிளம்பும் இளைஞர்களைத் தடுத்து நிறுத்தும் உள்ளூர் அமைப்புகள் பல அமெரிக்க நகரங்களில் இயங்குகின்றன. டிரம்ப் வரைபடங்களைத் தூக்கிக் காட்டுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 2025 ஏப்ரலில், அவருடைய நீதித் துறை சுமார் 80 கோடி டாலர் மதிப்புள்ள நூற்றுக்கணக்கான மானியங்களை ரத்து செய்தது. அப்படி ரத்தானவற்றில் இந்த அமைப்புகளுக்கான பணமும் இருந்தது.