ஆள் இறங்க வேண்டாம்

செப்டிக் டேங்க் நிறைந்திருப்பது பெரும்பாலும் வீட்டில் விருந்தினர் இருக்கும் நாளில்தான் தெரியவரும். கழிவறையில் தண்ணீர் இறங்காமல் மேலேறி நிற்கும். அவசரமாக லாரிக்குச் சொல்வோம். லாரிக்காரர் குழாயை விட்டு இழுத்துவிட்டு, “மேல்தண்ணி வந்துருச்சு சார். அடியில கெட்டி தட்டிக் கெடக்கு, ஆள் இறங்கித்தான் அள்ளணும். கூட ரெண்டாயிரம் குடுங்க, பையன் இறங்கிடுவான்” என்பார். பையன் என்று அவர் சொல்கிறவருக்கு நாற்பது வயதுகூட இருக்கலாம். அந்த இடத்தில் வீட்டுக்காரர் சொல்லும் பதில் ஒரு உயிரைப் பற்றியது. ஆனால் அது கூலிப் பேரமாகத்தான் நம் முன்னால் வந்து நிற்கிறது. ரெண்டாயிரமா, ஆயிரத்து ஐந்நூறா என்று பேசத் தொடங்கும்போதே நாம் சம்மதம் சொல்லிவிட்டோம் என்பது பலருக்கு உறைப்பதில்லை.

மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதில் வீட்டுக்காரருக்கு விலக்கு எதுவும் தரவில்லை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது, நேரடியாக இறக்கினாலும் வேறொருவர் மூலம் இறக்கினாலும், குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முப்பது லட்சமாக உயர்த்தியது. இவ்வளவு இருந்தும் சாவு நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் அரசு வைத்த கணக்குகளில், இப்படி இறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது. சமூக நீதி பேசும் மண்ணில் பிறந்தவர்களுக்கு இதைவிட வேதனையான செய்தி என்ன இருக்கிறது?

உள்ளே கொல்வது கண்ணுக்குத் தெரியாது. கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாகிவிட்டால் முகரும் சக்தியையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் விட்டுப்போச்சு, இனி இறங்கலாம் என்று ஒருவர் நினைப்பது சில நேரம் அது உச்சத்தில் இருக்கும் வேளையாகிவிடுகிறது. கெட்டியைக் கிளறக் கிளற, அடியில் அடைபட்டிருந்த வாயு இன்னும் வெளியே வரும். மெழுகுவத்தி ஏற்றி இறக்கிப் பார்ப்பதும் உதவாது. சுடர் எரிகிற காற்றிலும் இந்த வாயு ஆளைக் கொல்லும் அளவில் இருக்கக்கூடும். மீத்தேன் சேர்ந்திருந்தால் அந்தச் சுடரே பற்றவைத்துவிடும். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலியில் ஒரே தொட்டியில் ஆறு பேர் இறந்தார்கள். உள்ளே விழுந்தவரைத் தூக்கப் போனவர்களும் திரும்பவில்லை.

“அவரே சம்மதிச்சுத்தானே இறங்கினார்” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ‘அவர்’ எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று சொல்கிறவருக்கே தெரியும். அந்த வேலைக்கு நாம் எந்தச் சாதியைத் தேடிப் போகிறோம், எந்தச் சாதியை மனத்தாலும் தேடமாட்டோம் என்பதும் தெரியும். நம் பிள்ளைக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் சம்மதிக்காத ஒன்றை இன்னொருவர் பிள்ளை ரெண்டாயிரத்துக்குச் சம்மதித்தால், அதற்குப் பெயர் சம்மதம் இல்லை.

அடைத்துக்கொண்ட அன்று நல்ல முடிவு எடுப்பது கடினம். நாற்றம், அவமானம், அவசரம் எல்லாம் சேர்ந்து நெருக்கும். அன்று நாம் சொல்லப்போகும் பதிலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானித்துவிடுகிறோம் என்பதுதான் என் எண்ணம். வீடு கட்டும்போது தொட்டியின் மூடி வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று மேலே டைல்ஸ் ஒட்டிக் கார் நிறுத்தும் இடமாக்கிவிடுகிறோம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய கசடு பதினைந்து ஆண்டு கிடந்து இறுகிப்போகிறது. பிறகு குழாய்க்கு வராத கசடுக்கு ஆளைத் தேடுகிறோம். மூடியைத் திறக்கும்படி வையுங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்வதை யாரும் அறச்செயல் என்று பாராட்டப்போவதில்லை. ஒரு மனிதர் உள்ளே இறங்குவதைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஏற்கெனவே இறுகிவிட்டதென்றால்? தண்ணீர் விட்டு, வெளியிலிருந்தே அழுத்தத்தில் பீய்ச்சிக் கரைத்து, இரண்டாவது நடை லாரியை வரவழைக்கலாம். செலவு கூடும். ஒருநாள் இரண்டுநாள் பக்கத்து வீட்டுக் கழிவறையைக் கேட்க வேண்டியும் வரலாம். கேட்கலாம். கழிவுநீர் அகற்றும் சேவைக்கென்றே 14420 என்ற உதவி எண் இருக்கிறது. லாரியை அழைக்கும்போதே “ஆள் இறங்க வேண்டாம், மெஷினில் முடியுமானால் மட்டும் வாருங்கள்” என்று சொல்லிவிட்டால், வாசலில் நின்று அந்தப் பேரம் பேச வேண்டியிருக்காது. கூடவே, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்றும் கேட்டுவிட வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாத லாரி ராத்திரியில் ஏதோ ஓர் ஏரியில்தான் வாயைத் திறக்கும். அந்த ஏரிக்கரையிலும் வீடுகள் இருக்கின்றன.